மச்சானின் ரெக்கார்டு வயது

பணிப்பதிவேட்டில் உள்ள பிறந்த தேதி தவறு என்று ஓர் அரசு ஊழியர் கருதினால், பணியில் சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குள் அதைத் திருத்தக் கோரி மனுச் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வரும் மனு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் ஏற்பதற்கில்லை. கடலூரில் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியைக் காட்டிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்கலங்கி நின்றவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். தண்ணீர் விதியில் இல்லை, என் சொந்தப் பொறுப்பு.

அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகப்போன ஒருவரின் பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லி 2007-இல் என் கையாலேயே மனு எழுதினேன். அவர் என் மச்சான், மனைவியின் ஒரே தம்பி. காரணம் என் ரத்தம். ஆகவே ரத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004 கடைசியில் எனக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. பஸ்ஸின் நம்பரை அது தாண்டிப் போன பிறகு படித்துக்கொண்டிருந்தேன். மஞ்சக்குப்பத்துக் கண் மருத்துவர் அறுவைக்கு நாள் குறித்து, அதற்கு முன் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஆய்வகத்துக்காரர் ஒருமுறை ரத்தம் எடுத்தார். மறுநாள் கூப்பிட்டு இன்னொருமுறை எடுத்தார். மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்தாராம். மெஷின்மேல் தப்பில்லை. வெள்ளை அணுக்கள் இருக்கவேண்டிய அளவைப் போலப் பல மடங்கு இருந்தன. கண் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "கண்ண அப்புறம் பாத்துக்கலாம் சார், இத மொதல்ல ஒருத்தர்ட்ட காட்டுங்க" என்றார்.

ரத்த நோய்களுக்கான மருத்துவர் ஒருவர் வெளியூரிலிருந்து மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சிதம்பரத்துக்கு வந்துகொண்டிருந்தார். மச்சான் சிதம்பரத்தில்தான் இருந்தார். பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவரே போய் டோக்கன் வாங்கி, எங்களைப் பேருந்து நிலையத்தில் எதிர்கொண்டு அழைத்துப்போனார். இன்னும் சில பரிசோதனைகளுக்குப் பிறகு மருத்துவர் சொன்னார்: ரத்தப் புற்று, ஆனால் நாள்பட்ட வகை, மெதுவாகப் போகும் வகை. இப்போதைக்கு மருந்து வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், பார்த்துக்கொண்டே இருப்போம்.

எங்கள் அலுவலகத்தில் கால் புக் என்று ஒரு பதிவேடு உண்டு. உடனடியாக நடவடிக்கை தேவைப்படாத கோப்புகளை அதில் ஏற்றி அலமாரியில் வைத்துவிடுவோம். கோப்பு முடிந்ததாகவும் ஆகாது, நிலுவையாகவும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மருத்துவர் என்னைக் கால் புக்கில் ஏற்றிவிட்டார் என்று எனக்கு உடனே புரிந்தது. அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. கால் புக்கில் இருந்தபடியே என்னைவிட நீண்ட காலம் பணியில் இருந்த கோப்புகள் உண்டு.

மனைவிக்கு அந்த நிம்மதி வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"வியாதி இருக்குன்றாரு. மருந்து இல்லன்றாரு. பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? அதுக்குத்தான் நான் இருக்கனே."

புற்றுநோய் என்ற சொல்லை அவள் வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "அவுருக்கு வெள்ளணு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்காம்" என்று சொல்லி வைத்தாள். எதிர்வீட்டு அம்மாள், "ஜாஸ்திதானே? கொறஞ்சாத்தான் கஷ்டம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். இந்த நோயைப் பற்றி நான் கேட்ட ஆறுதல்களில் தர்க்கத்துக்கு ஓரளவாவது பக்கத்தில் வந்தது அதுதான்.

அடுத்த இரண்டு வருஷம் நோயாளியாகவும் இல்லாமல் நோயில்லாதவனாகவும் இல்லாமல் கழிந்தது. கண்ணை அறுத்துக்கொண்டேன். கழுத்தில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் போலக் கட்டிகள் வந்தன. வலி இல்லை, சட்டையின் முதல் பொத்தானைப் போட முடியாது, அவ்வளவுதான். தூங்கி எழுந்தால் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். மனைவி தலைமாட்டில் துண்டுகளை மடித்து அடுக்கி வைத்தாள். கூட்டத்துக்குப் போகாதே, சளி பிடித்தவர் பக்கத்தில் உட்காராதே என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கல்யாண வீடுகளுக்குப் போகாமலிருக்க இவ்வளவு கௌரவமான காரணம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

2006-இல் விலாவைச் சுற்றி அக்கி வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதினார். மனைவி மாத்திரையையும் கொடுத்தாள், மண்பாண்டம் செய்யும் ஒருவரைக் கூட்டிவந்து காவியைக் குழைத்து அக்கி எழுதவும் வைத்தாள். அவர் என் விலாவில் ஏதோ ஒரு மிருகத்தை எழுதினார். சிங்கம் என்றார். கண்ணாடியில் பார்த்தேன், நாய் மாதிரிதான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை சட்டையைக் கழற்றச் சொன்ன மருத்துவர் அதைப் பார்த்துத் திகைத்து, "என்ன சார் இது?" என்றார்.

"இது வேறொரு துறையின் நடவடிக்கை" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அக்கி அடங்கியது. இரண்டு துறைகளும் தங்களால்தான் என்று சொல்லிக்கொண்டன. நான் இரண்டுக்கும் நன்றி சொன்னேன்.

2007 பிப்ரவரியில் கால் புக்கிலிருந்து என்னை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண்ணும் நகமும் வெளுத்து, முகம் மஞ்சள் பாரித்தது. என் உடம்பே என் சிவப்பணுக்களை அழித்துக்கொண்டிருக்கிறது, இந்த நோயில் சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்றார் மருத்துவர். வெளியாள் யாரும் வராமல் உள்ளாட்களே கஜானாவைக் காலி செய்வது எனக்குப் புதிதில்லை. சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். என் ரத்தம் ஓ நெகடிவ், எளிதில் கிடைக்காத வகை.

ஆனால் மச்சானுக்கும் அதே வகை. பணியில் இருந்தபோது பலமுறை கொடுத்தவர். அவர் பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் ரத்ததான அட்டை இருக்கும். எனக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே அவருக்கு இதில் ஒரு பெருமிதம். "உங்களுக்கு இன்னா கவல மாமா? ஸ்பேர் ஸ்டாக் சிதம்பரத்துல இருக்குது" என்று தன் மார்பைத் தட்டுவார். அந்த நாள் வந்துவிட்டதென்று முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டுதான் ரத்த வங்கிக்குள் போனாராம். கூடப்போன என் மனைவி சொன்னது.

ரத்த வங்கியில் இருந்த பெண் பேனாவை எடுத்துக்கொண்டு, "வயசு?" என்று கேட்டிருக்கிறாள்.

மச்சான் கேட்டார்: "ரெக்கார்டு வயசா, நெஜ வயசா?"

உலகத்தில் வேறு எங்கேயாவது ஒரு மனிதர் தன் வயதைக் கேட்டதற்கு இப்படி ஒரு விளக்கம் கோருவாரா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில், எங்கள் தலைமுறையில், இது நியாயமான கேள்வி. ஐந்து வயது நிறையாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமானால், தலைமையாசிரியர் ஜூன் ஒன்றாம் தேதி என்று ஏதோ ஒரு வருஷத்தில் எழுதிக்கொள்வார். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்.

மச்சானின் விஷயம் இன்னும் கொஞ்சம் விசேஷம். 1951-இல் என் மனைவியைப் பள்ளியில் சேர்க்கப் போனார்கள். தம்பி இல்லாமல் போகமாட்டேன் என்று அவள் பள்ளி வாசலில் புரண்டு அழுதிருக்கிறாள். தம்பிக்கு அப்போது மூன்றரை வயது. என் மாமனார் அவனையும் அவளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். தலைமையாசிரியர் இரண்டு பேருக்கும் ஒரே தேதியை எழுதினார்: 1.6.1946. ஆக, அக்காவும் தம்பியும் ரெக்கார்டுபடி இரட்டைப் பிள்ளைகள். நிஜத்தில் அவர் பிறந்தது 1947 ஐப்பசியில். ரெக்கார்டுபடி 2004 மே மாதக் கடைசியில், மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "எங்க அக்கா அழுத அழுகையில எனக்கு ஒன்றர வருஷ சர்வீஸ் போச்சு" என்று அவர் சொல்லாத விசேஷம் கிடையாது. ஓய்வு பெறும்போது என்னிடம் மனு எழுதித் தரக் கேட்டார். நான் ஐந்தாண்டு விதியைச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

ரத்த வங்கிப் பெண் பேனாவை மூடிவிட்டாள். "இங்க ஒரு வயசுதான் சார் இருக்கணும்" என்றாள். ரத்தம் கொடுக்க வயது வரம்பு அறுபது. ரெக்கார்டுபடி மச்சானுக்கு அறுபது தாண்டியிருந்தது. நிஜத்தில் ஐம்பத்தொன்பதுதான். உள்ளேயிருந்த மருத்துவ அலுவலர் வந்து, ஏதாவது சான்று இருக்கிறதா என்று கேட்டார். மச்சானிடம் இருந்ததெல்லாம் ஓய்வூதியப் புத்தகம். அது தலைமையாசிரியரின் கட்சி.

"உங்க நல்லதுக்கும்தான் சார் இந்த ரூலு" என்றார் அந்த அலுவலர். மச்சான் மடித்த சட்டைக் கையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். மொபெட்டை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

போனது அண்ணாமலை நகருக்கு. சாயங்காலம் மாணவர் விடுதி உணவுக்கூடத்துக்குள் நுழைந்து, ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, "தம்பிங்களா, ஓ நெகடிவ் யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க, எங்க மாமா ஆஸ்பத்திரில கெடக்கறாரு" என்று கத்தியிருக்கிறார். இரண்டு கைகள் தூக்கப்பட்டன. இரண்டு பேரையும் சாப்பிட்டு முடிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி, கூட்டிவந்துவிட்டார். முகம் தெரியாத இரண்டு பொறியியல் மாணவர்களின் ரத்தம் எனக்குள் இறங்கியது. அடுத்த வாரம் மனைவி சொன்னாள், "இப்ப கணக்குலாம் வேகமா போடுவீங்களே?" ஸ்டீராய்டு மாத்திரையில் என் முகம் பூசணிக்காயாக ஊதியிருந்தது, சிரிக்க இடமில்லை. அதே மாத்திரையால் சர்க்கரையும் ஏறியது. ஒரு வியாதியைப் பார்க்கப் போனால் அது துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரும் என்பதை அறுபதுக்கு மேல்தான் கற்றுக்கொள்கிறோம்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, நன்றி சொல்வதற்காக ரத்த வங்கி வழியாகப் போனேன். சுவரில் ஒட்டியிருப்பதை எல்லாம் படிப்பது என் பழக்கம். யார் யார் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று ஒரு பலகை அங்கே இருந்தது. வயது வரம்புக்குக் கீழே, நாலைந்து வரி தள்ளி எழுதியிருந்தது: இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள்.

மச்சான் ஓய்வு பெற்ற வருஷத்திலிருந்து தினமும் காலையில் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். வயதிலேயே அவரைத் தடுத்துவிட்டதால் அந்த வரிவரை யாரும் வரவில்லை. வயது சரியாக இருந்திருந்தாலும் அவர் ரத்தத்தை எடுத்திருக்க மாட்டார்கள். அப்போது மச்சான் வெளியே ஆட்டோக்காரரிடம் மெதுவாக ஓட்டும்படி சொல்லிக்கொண்டிருந்தார். நான் பலகையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தேன்.

மார்ச் மாதம் அவர் கடலூருக்கு வந்தார். கையில் பண்ருட்டிப் பலாச்சுளை ஒரு தூக்கு. எனக்கும் சர்க்கரை, அவருக்கும் சர்க்கரை. யாருக்கு என்று கேட்டேன். "வாசனைக்கு மாமா" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு மனு எழுதித் தாங்க."

"எதுக்கு?"

"வயசுக்கு. ஐப்பசி வரைக்கும் எனக்கு டைம் இருக்குது. அதுக்குள்ள ரெக்கார்டத் திருத்திட்டா, அடுத்த வாட்டி உங்களுக்கு ரத்தம் நாந்தான் குடுப்பேன். முன்ன பின்ன தெரியாத பசங்ககிட்ட நான் இன்னாத்துக்குப் போய் நிக்கணும்?"

"மச்சான், பணியில சேர்ந்த அஞ்சு வருஷத்துக்குள்ள..."

"தெரியும். தண்ணி வேணாம், மனு எழுதுங்க."

"நடக்காத காரியத்துக்கு நான் மனு எழுதினதில்ல."

"உங்களுக்கு லுக்கேமியா வந்துதுல்ல? நடக்காத காரியம்னு நெனச்சீங்களா?"

அவர் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனதும் மனைவியிடம் மெதுவாகப் பலகையைப் பற்றிச் சொன்னேன். ஐந்தாண்டு விதியை மீறி, கடவுள் புண்ணியத்தில் ரெக்கார்டைத் திருத்திவிட்டாலும் ரத்தம் எடுக்கமாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டால் இந்த மனுவுக்கு வேலையில்லை. அவள் பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சொல்லாதீங்க. ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து எனக்காக வயசத் தூக்கிக்கிட்டு அலையறான். தன் ரத்தமும் ஆவாதுன்னு தெரிஞ்சா ஒடஞ்சிடுவான். கவர்மெண்டு மேல கோவமா இருக்கட்டும், அது அவனுக்கு நல்லது. எழுதிக் குடுங்களேன், கை என்னா தேஞ்சா போயிடும்?"

எழுதினேன். பணியில் இருந்த காலத்தில் எழுதியதைவிட நன்றாக எழுதினேன் என்று சொல்ல வேண்டும். துறையின் தலைமை அலுவலகத்துக்கு முகவரியிட்டு, பார்வை, பொருள் எல்லாம் முறைப்படி போட்டு, கோரிக்கைக்கான காரணம் என்ற இடத்தில், "மனுதாரர் தம் சகோதரியின் கணவருக்கு இரத்தம் கொடுக்க ஏதுவாக" என்று எழுதினேன். இத்தனை வருஷத்தில் என் மேசைக்கு வந்த மனுக்களில் இப்படி ஒரு காரணத்தை நான் பார்த்ததில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியும். படிவம் சரி, காரணம் நன்று, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

இணைப்பாகப் பிறப்புச் சான்று வேண்டும். கடலூரில்தான் பிறந்தார், பதிவும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பதிவு, ஆண் குழந்தை, தகப்பனார் இன்னார், தாயார் இன்னார் என்பதோடு நின்றிருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மச்சான் அந்தச் சான்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பேரே இல்லாம பொறந்திருக்கேன் மாமா."

"பரவாயில்ல, வீட்டுக்கு ஒரே ஆம்பளப் புள்ள. அத ஒரு குறிப்பா எழுதிடறேன்."

"அப்ப என்னா, நடக்கும்ல?"

நடக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. "அனுப்பிப் பாப்போம்" என்றேன். மருத்துவர் என்னிடம் பேசும்போது பயன்படுத்தும் குரல் அது என்று பிறகுதான் உறைத்தது.

பதிலுக்கு என் வீட்டு முகவரியைப் போட்டு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகு எனக்கு ஒரு விசித்திரமான பயம் வந்தது. அரசாங்கத்தில் எப்போதாவது, யாராவது ஒரு நல்ல மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவதுண்டு. அவர் கையில் மனு கிடைத்து, விதியைத் தளர்த்தி உத்தரவு போட்டுவிட்டால்? மச்சான் அந்த உத்தரவைத் தூக்கிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரத்த வங்கிக்குப் போவார். அங்கே அந்தப் பெண் அடுத்த வரிக்கு வருவாள். தபால்காரர் மணி அடித்தால் நான் மாத்திரையை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன். ஒரு மனுவுக்குப் பதில் வரக்கூடாதே என்று காத்திருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஆனால் அலுவலகங்களின் மேல் நான் வைத்திருந்த நம்பிக்கை வீண் போகவில்லை. சித்திரை போயிற்று, ஆடி போயிற்று, ஒரு பதிலும் இல்லை.

ஐப்பசியில் மச்சானுக்கு நிஜமாகவே அறுபது நிறைந்தது. ரெக்கார்டுபடி அறுபது ஆனபோது அவர் மணிவிழா கொண்டாட மறுத்துவிட்டிருந்தார். "அது ஹெட்மாஸ்டர் போட்ட அறுபது, அவுரே வந்து தாலி எடுத்துக் குடுக்கட்டும்" என்றார். இப்போது சிதம்பரத்தில் வீட்டு மாடியில் சின்னப் பந்தல். கூட்டத்தில் சேரக் கூடாது என்பதால் நான் ஓரத்தில், மின்விசிறிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். எல்லாம் முடிந்ததும் மச்சான் மாலையோடு என்னிடம் வந்தார். ஈரத் தலை, நெற்றியில் விபூதி. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே எந்த வயசுப்படியும் குடுக்க முடியாது மாமா."

"குடுத்ததெல்லாம் போதும் மச்சான்" என்றேன். அவர் மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்து என் சட்டைப்பையில் போட்டார்.

"அந்த மனுவ மட்டும் விடக்கூடாது. குடுக்கறதுக்கு நான் ரெடியா இருந்தேன், அவுங்கதான் பதில் போடலன்னு ரெக்கார்டுல இருக்கணும்."

அதற்குப் பிறகு நினைவூட்டுக் கடிதங்கள் ஆரம்பமாயின. ஆறு மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். நான் கடலூரில் எழுதி எடுத்துக்கொண்டு, மருத்துவரைப் பார்க்கும் சனிக்கிழமை சிதம்பரம் போவேன். அகலப்பாதை வேலைக்காக ரயில் ஓடாத வருஷங்கள் அவை. பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்போதே முதுகு வலிக்கும். பேருந்து நிலையத்தில் மச்சான் மொபெட்டோடு நிற்பார். டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் ஆளுக்கொரு டீ. அங்கேயே கையெழுத்து. பிறகு மருத்துவர். என் கட்டிகளை அவர் விரலால் அளக்கும்போது மச்சான் கூடவே நின்று, "போன தடவைக்கு இது சின்னதுங்க" என்று கருத்துச் சொல்வார். வேறு மாத்திரை தொடங்கினார்கள், நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கினார்கள். 2009-இல் நிமோனியா வந்து பத்து நாளைக்கு மேல் படுத்தேன். அந்தப் படுக்கையிலும் என் தலைமாட்டில் உட்கார்ந்து, "மாமா, இந்த அரையாண்டு ரிமைண்டர் போடலியே" என்று காதில் சொன்னவர் அவர்தான். எனக்குச் சிரிப்பு வந்து இருமல் வந்து நர்ஸ் ஓடிவந்தாள்.

2010-இல் மறுபடி ரத்தம் தேவைப்பட்டது. பழைய மாணவர்கள் படித்து முடித்துப் போய்விட்டிருந்தார்கள். மச்சான் மறுபடி பெஞ்சின் மேல் ஏறினார். ஏற இப்போது இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்ததாம். இந்த முறை ஒரு மாணவி வந்து கொடுத்தாள். என்னைப் பார்க்க வார்டுக்கு வந்தவள், "இவங்க உங்க பிரதரா அங்கிள்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, என் மனைவியோட தம்பி."

"ரெக்கார்டுபடி ரெட்டப்புள்ள" என்றார் மச்சான். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. வார்டிலிருந்து வாசல் வரை கூடவே நடந்து, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. கடலூரில் நிற்கிற மரமும் இல்லை, நிற்கிற மின்கம்பமும் இல்லை. கரண்டு நாள்கணக்கில் வரவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை குளியலறையின் மேல் படுத்திருந்தது. எனக்கு லேசாகக் காய்ச்சல். எங்கள் மாதிரி ஆட்களுக்கு லேசான காய்ச்சல் என்று ஒன்று கிடையாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் மனைவி நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. போன் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் மதியம் வாசலில் மச்சான் நின்றார். முழங்கால் வரை சேறு, தோளில் ஒரு பை. சிதம்பரத்திலிருந்து ஒரு லாரியில் பாதி தூரம், விழுந்த மரங்களைத் தாண்டி நடந்து மீதி தூரம். பையில் என் மாத்திரைகள், ரஸ்க்கு, ஒரு சின்ன மண்பானை. பானைக்குள் ஈரத்துணியில் சுற்றிய இன்சுலின். ஃபிரிட்ஜ் ஓடாத நாளில் அதைக் குளிர்ச்சியாக வைக்க அவர் கண்ட வழி.

"அறுவத்திநாலு வயசுல இதெல்லாம் தேவையாடா உனக்கு?" என்றாள் அக்கா. திட்டிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து அவர் காலைக் கழுவிவிட்டாள்.

"ரெக்கார்டுபடி அறுவத்தஞ்சு" என்றார் அவர்.

என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொண்டார். ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"அப்பவே அவுங்க பதில் போட்டிருந்தா என் ரத்தம் உங்களுக்கு ஏறியிருக்கும். கூடவே கொஞ்சம் இன்சுலினும் எறங்கியிருக்கும். உங்க சுகரும் கொறஞ்சிருக்கும் மாமா."

மனைவி என்னைப் பார்த்தாள். "ஆமா மச்சான்" என்றேன். "ஒரே பாட்டில்ல ரெண்டு வைத்தியம்." அவர் பெரிதாகச் சிரித்தார். காய்ச்சல் அன்று சாயங்காலம் இறங்கியது. எந்தத் துறையால் என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்த ஜூலையில் என் இடது கண்ணிலும் புரைக்கு அறுவை செய்தார்கள். மச்சான் துணைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். சொட்டுமருந்து விடுவது அவர் வேலை. ஒரு சொட்டு என்றால் மூன்று விடுவார். ஒரு திங்கட்கிழமை, நான் பச்சைத் துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தபோது தபால்காரர் மணி அடித்தார். பதிவுத் தபால், மச்சான் பெயருக்கு, என் வீட்டு முகவரியில். ஐந்து வருஷம் தாண்டியிருந்தது. மச்சான் கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைப் பிரித்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுந்து நின்றுகொண்டு வாசித்தார்.

கடிதம் இரண்டே வரி. மனுதாரர் ஓய்வு பெற்றுவிட்டபடியால் அவரது கோரிக்கையைப் பரிசீலிக்க இயலவில்லை என்று தெரிவிக்கப்படுகிறது. ரத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அவ்வளவு யோசித்து எழுதிய காரணத்தை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

மச்சான் கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்துப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். உட்கார்ந்தார். அவர் முகம் எனக்கு ஒற்றைக் கண்ணில்தான் தெரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

"அவ்ளோதானா மாமா?"

மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவ்வளவுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சரியான நடைமுறை அதுதான். ஒரு பதில் வந்துவிட்டால் கோப்பு முடிந்தது. இனி சனிக்கிழமைகளில் டீக்கடையில் கையெழுத்துப் போட ஒன்றும் இருக்காது, மருத்துவரிடம் போக மட்டும் மொபெட்டில் போவோம், நோயாளியும் துணையுமாக.

"மேல்முறையீடு செய்யலாம்" என்றேன்.

"நெஜமாவா?"

"கடிதம் கெடச்ச நாள்லேர்ந்து ரெண்டு மாசத்துக்குள்ள."

"ஜெயிக்குமா?"

"ஜெயிக்காது. ஆனா பதில் வர இன்னும் அஞ்சு வருஷம் ஆவும்."

அவர் கடிதத்தை என் மடியில் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார். "அஞ்சு வருஷம் நீங்க இருக்கணும்ல? அப்ப மொதல்ல கெடச்ச நாள எழுதி வைங்க மாமா, அப்புறம் கெடு தாண்டிடுச்சு, டைம் பார்னு தள்ளிடப் போறாங்க" என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கடிதத்தின் இடது ஓரத்தில், கோணலாக எழுதினேன்:

பெறப்பட்டது, 9.7.2012.